அதிர்வது பாட்டா, பக்கத்து வீடா?

பொம்மையார்பாளையம் மாதிரி கடலோரத்தில் குடியிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. ராத்திரி ஸ்டீரியோவைப் போட்டால் அலைச்சத்தம் பாட்டின் பேஸை விழுங்கிவிடும். உடனே தவணையில் ஒரு சப்-ஊஃபர். குமிழைத் திருகினால் 'தும்... தும்...' ஆஹா! அதிர்வது பாட்டில்லை சார், பக்கத்து வீட்டு ஜன்னல்!

பேஸ் கிதாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். சின்ன ஸ்பீக்கர் அதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும். அந்தக் கீழ்ப்பகுதிக்கு மட்டும்தான் சப்-ஊஃபர். கிராஸ்ஓவரை 80 பக்கம் வையுங்கள். 150-க்கு ஏற்றினால் எஸ்.பி.பி.யே பானைக்குள்ளிருந்து பாடுவார்!

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு போகும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து பைசா செலவில்லை. நீங்கள் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட விட்டு, சுவரோரமாகத் தரையில் தவழுங்கள் (வீட்டுக்காரர் வாடகைக்கு வராத நாளாகப் பார்த்து!). பேஸ் எங்கே ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள்.

பின்பக்கம் 'ஃபேஸ்' சுவிட்ச் இருக்கும். 0, 180 இரண்டிலும் கேட்டு, பேஸ் கனமாக இருப்பதில் விடுங்கள். மாறிப் போனால் பெட்டியும் ஸ்பீக்கரும் மாமியார் மருமகள்தான். ஒன்றை ஒன்று அமுக்கும்.

அப்புறம் உப்புக்காற்று. ஒயர் முனையில் தாமிரம் பச்சை பூத்துக் கரகரக்கும். மெக்கானிக்கைத் தேடுமுன் கரன்ட்டை நிறுத்தி, முனையை வெட்டி, புதிதாகச் சீவி மாட்டிப் பாருங்கள்.

மாடி போர்ஷனா? பெட்டிக்கடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள். கீழ்வீட்டு மாமா துடைப்பக்கட்டையால் சீலிங்கைத் தட்டினால், அது பாட்டுக்குத் தாளம் இல்லை!