தொழிலாளர் விடுதியும் பஞ்சாயத்தின் கடமையும்

ஒரு வட்டாரத்தில் தொழிற்சாலை எழும்பினால் வேலை பெருகும். வேலை பெருகினால் வெளியூர் மக்கள் வந்து சேர்வர். அவ்வாறு வருவோர்க்கு உறைவிடமும் உணவும் நல்ல நீரும் வேண்டும். முதல் இரண்டையும் பற்றித் திட்டம் வகுப்போர் பலர். மூன்றாவதைப் பற்றி முன்கூட்டி நினைப்போர் சிலரே. அதன் விளைவு யாது என்பதையும், அதனைத் தவிர்க்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் செய்யத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின்மேல் அமைந்துள்ள ஊர் சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய காலத்தை ஊரின் பெயரே நினைவூட்டுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய பகுதிகளில் ஏரிப்பாசன நிலங்களுக்கு அருகே தொழிற்பேட்டைகள் வரிசையாகத் தோன்றின. கார், கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை இன்று இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. இவற்றைச் செய்யும் கைகளில் பெரும்பகுதி வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர், இளம்பெண்களின் கைகளாகும். முன்னர் ஒரே இரவு தங்கியோர்க்குச் சத்திரம் போதுமானதாயிருந்தது. ஆண்டுக்கணக்கில் தங்குவோர்க்கு அது போதாது.

2021 டிசம்பரில் நிகழ்ந்தது

சுங்குவார்சத்திரத்திலுள்ள பாக்ஸ்கான் கைப்பேசித் தொழிற்சாலையில் அப்பொழுது சுமார் 17,000 பேர் வேலை செய்து வந்தனர். அவர்களில் பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண்களுக்கு 2021 டிசம்பர் மாத நடுவில் உணவு நஞ்சாகி, 250 பேருக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையற்கூடத்தைப் பார்வையிட்டபோது எலிகளையும், சீர்கெட்ட வடிகாலையும் கண்டு, அதை மூடச் செய்தனர்.

நோயுற்ற தோழியர் எங்கே இருக்கின்றனர், எவ்வாறு இருக்கின்றனர் என்ற செய்தி மற்றவர்களுக்கு உரிய காலத்தில் கிட்டவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. அது உண்மையன்று, எனினும் உண்மையை எடுத்துரைப்பார் இல்லாத இடத்தில் வதந்தியே செய்தியாகிவிடுகிறது. டிசம்பர் 17-ஆம் தேதி இரவு தொழிலாளப் பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் போக்குவரத்து தடைப்பட்டது. 18-ஆம் தேதி மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தான் விதித்த தரத்தை எட்டவில்லை என்று ஆப்பிள் நிறுவனம் கூறி, அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது.

ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் நேர்ந்த குறையினால் மாபெரும் தொழிற்சாலையொன்று ஏறத்தாழ 25 நாட்கள் நின்றுபோனது. சுகாதாரத்திற்குச் செய்யும் செலவு தொழிலுக்குப் பாரம் என்று கருதுவோர் இந்த 25 நாட்களின் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நலம்.

பம்பாயின் பழைய அனுபவம்

இது புதிய பாடமன்று. 1896-ல் பம்பாய் நகரில் பிளேக் நோய் தோன்றிற்று. நெசவாலைத் தொழிலாளர் காற்றும் வெளிச்சமும் இல்லாத சிற்றறைகளில் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் நோய் மிகுந்தது. மக்கள் பல்லாயிரக்கணக்கில் நகரை விட்டுத் தம் கிராமங்களுக்கு ஓடினர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. அதன் பின்னரே, 1898-ல், நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நோய் வந்தபின் வீடு கட்டுவதைவிட வீடு கட்டி நோயைத் தடுப்பது மலிவு என்பதே அதன் சாரம். அதே பாடத்தை நாமும் பட்டே கற்க வேண்டும் என்ற அவசியமில்லை.

உணவு எவ்வாறு நஞ்சாகிறது

உணவு கெடுவதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள். அரிசியிலும் மண்ணிலும் இயல்பாகவே உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெந்து, பெரிய பாத்திரத்தில் பல மணிநேரம் மிதமான சூட்டில் கிடக்கும்போது அவ்வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. வேறொரு வகைக் கிருமி சமைப்போரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவிற் கலக்கிறது. இவை விடும் சில நஞ்சுகள், உணவை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே "சூடு பண்ணிக் கொடுத்தால் போதும்" என்ற எண்ணம் தவறாகும்.

ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் உலையிலிருந்து இறக்கிய சோறு விரைவில் தீர்ந்துவிடும். ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் விடுதியிலோ, முதல் ஷிப்டுக்கு வடித்த சோறு மூன்றாம் ஷிப்டு வரை காத்திருக்கக்கூடும். அந்தக் காத்திருப்பில்தான் ஆபத்து உள்ளது. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும், குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகளுக்கு உகந்தது.

அடுத்தது நீர். கிராமங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அக்கணக்கின்படியே 500 பேர் தங்கும் ஒரு விடுதிக்கு நாளொன்றுக்கு 27,500 லிட்டர் தேவை. அதாவது, 30,000 லிட்டர் கொண்ட ஒரு மேல்நிலைத் தொட்டியை ஏறத்தாழ முழுவதும் ஒரே விடுதி குடித்துவிடும். நீர் போதாதபோது லாரித் தண்ணீர் வருகிறது. அது எந்தக் கிணற்றில் எடுத்தது, குளோரின் கலந்ததா என்று கேட்பார் இல்லை. கழிப்பறையில் நீர் இல்லையெனில் கை கழுவுதல் நின்றுபோகும். கை கழுவுதல் நின்றால், சமையற்கூடம் எவ்வளவு தூய்மையாயிருந்தாலும் பயனில்லை.

பொறுப்பு யாருடையது?

இதுபற்றி நாட்டில் மூன்றுவிதக் கருத்துகள் நிலவுகின்றன. வேலை வாங்கும் முதலாளியே உறைவிடத்திற்கும் பொறுப்பு என்பர் ஒரு சாரார். அரசாங்கமே கட்டித் தர வேண்டும் என்பர் மற்றொரு சாரார். ஒப்பந்தக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் வாடகைக்கு விடட்டும், போட்டியினால் தரம் தானே உயரும் என்பது மூன்றாவது கருத்து.

மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. முதலாளியே வீட்டுக்காரருமாக இருந்தால், வேலை போகும் நாளில் வீடும் போய்விடும் என்ற அச்சம் தொழிலாளிக்கு உண்டாகிறது. அரசாங்கம் கட்டுவதோ காலம் பிடிக்கும். எனினும் அதற்கு ஒரு நல்ல தொடக்கம் அமைந்துள்ளது. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பை எழுப்பிற்று. அது 2024 ஆகஸ்டு 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆயினும் இந்தத் தொழில் வட்டாரம் முழுவதற்கும் ஒரு குடியிருப்பு போதுமா என்பது கேள்வி. எஞ்சியோர் நம் கிராமங்களின் வாடகை அறைகளிலும் தனியார் விடுதிகளிலுமே தங்குகின்றனர். அங்கே போட்டியினால் தரம் உயர்வதில்லை. வாடகை குறைந்த இடத்தையே ஒப்பந்தக்காரர் தேடுகிறார்.

உறைவிடம் பற்றிய வாதம், வேலை நேரம் பற்றிய வாதத்தோடும் இணைந்தது. நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை நேரத்தை நீட்ட இடமளித்த திருத்த மசோதா, 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. முதலீட்டைக் கவர நெகிழ்வு தேவை என்று ஒரு தரப்பும், உடல்நலம் குன்றும் என்று மறுதரப்பும் வாதிட்டன. மூன்றே நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம், சங்க உரிமையை முன்னிட்டு ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தது. இவ்வாதங்களில் பஞ்சாயத்து எந்தத் தரப்பிலும் சேர வேண்டியதில்லை. ஆனால், முறையிட வழியுள்ள இடத்தில் குறை சிறிதாயிருக்கும்போதே வெளிப்படும். வழியில்லாத இடத்தில் அது நெடுஞ்சாலைக்கு வந்தபின்னரே தெரியும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

வாக்கில்லாத குடிகள்

இங்கு ஓர் உண்மையை ஒளிவின்றிக் கூற வேண்டியுள்ளது. விடுதியில் தங்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் அவளது சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே உள்ளது. நம் வார்டில் அவளுக்கு வாக்கில்லை. ஆகவே அவளது குழாயைப் பற்றி வினவ அங்கத்தினரும் இல்லை. நிதி ஒதுக்கீட்டிலும் இதே நிலை. 15-ஆவது நிதிக்குழு 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிட்டது. அதன்பின் வந்து சேர்ந்தோர் நம் குழாயில் நீர் பிடிக்கின்றனர். நம் கணக்கில் இடம்பெறவில்லை.

இதனால் சில அங்கத்தினர்கள், "வந்தவர்கள் வந்தபடி போவார்கள், நம் ஊராரின் பணத்தை அவர்களுக்கு ஏன் செலவிட வேண்டும்?" என்று கேட்கின்றனர். இக்கேள்வி நியாயமற்றதன்று, ஆயினும் விடை உண்டு. காலராவும் மஞ்சள்காமாலையும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. மேலும், விடுதிக் கட்டடத்திற்கு வீட்டுவரியும், ஊதியம் பெறுவோரிடமிருந்து தொழில்வரியும் பஞ்சாயத்து வசூலிக்கத்தக்கவை. விடுதியாகப் பயன்படும் கட்டடத்தைச் சாதாரண வீடென்று பதிவேட்டில் வைத்துக்கொண்டு பணமில்லை என்று வருந்துவது பொருந்தாது.

விதிகளைக் கண்டிப்பாக்கினால் விடுதிகள் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. ஒரு பஞ்சாயத்து தனித்து நின்றால் அவ்வாறு நேரலாம். பஞ்சாயத்து யூனியன் முழுவதும் ஒரே முறையைக் கையாண்டால் போவதற்கு இடமிராது.

செய்யத்தக்கவை

பஞ்சாயத்துகள் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

1. தம் எல்லைக்குள் பத்துப் பேருக்கு மேல் வாடகைக்குத் தங்கும் ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு பதிவேட்டில் குறித்தல். படுக்கை, கழிப்பறை, நீர் வரும் வழி, கழிவு போகும் வழி ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

2. பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றுள்ளனவா, சமையற்கூடங்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றுள்ளனவா என்று வினவுதல். சமையற்கூடத்தை மூடும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆனால் மாவட்ட ஆட்சியருக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். எழுத்து மூலம் வந்ததை எவரும் எளிதில் ஒதுக்க இயலாது.

3. மேல்நிலைத் தொட்டிகளை மாதம் இருமுறை கழுவி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றுதல். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகும். அரைமணிக்குப் பின் நீரைத் திறந்து, கடைசிக் குழாயில் குளோரின் அளவு தங்கியுள்ளதா என்று குளோரோஸ்கோப்பினால் சோதித்தல் வேண்டும். முதல் குழாயில் சோதிப்பதால் பயனில்லை. திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

4. விடுதியில் ஒரே நாளில் மூவர் நால்வருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்தல். நோயாளிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து, அன்று சமைத்த உணவில் சிறிதளவைச் சோதனைக்காகப் பாதுகாத்தல். யார் எந்த மருத்துவமனையில் உள்ளனர் என்ற விவரத்தைத் தோழியருக்கு உடனுக்குடன் கூறினால் வதந்திக்கு இடமில்லை.

குடியானவர் கவனத்திற்கு

விடுதியின் மலத்தொட்டி நிரம்பியதும் அதை லாரி வந்து எடுத்துச் செல்கிறது. எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டியவர் குடியானவரே. இரவில் வரவுக்கால்வாயிலோ ஏரியிலோ விட்டால், அந்நீரே வயலுக்குப் பாய்கிறது, மாடு குடிக்கிறது, கிணற்றுக்கும் ஊறுகிறது. கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 50 அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அதிலும் மிகுதியாக வேண்டும். தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நிலத்தில் விடுதி கட்ட வாடகைக்கு விடுவோர், கழிவு போகும் வழியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குதல் நன்று.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நம் மாநிலத்தில் நடைபெறுகின்றன. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். மே 1 தொழிலாளர் தினம். இவ்விரு கூட்டங்களிலேனும் விடுதிகளில் தங்குவோரையும் அழைத்து, அவர்களது நீர், கழிப்பறை, உணவு பற்றிக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வோமாக. அவர்கள் இங்கு சில ஆண்டுகளே தங்குவர். ஆனால் அவர்களுக்காக நாம் சீர்செய்யும் குழாயும் வடிகாலும் ஏரியும் நம் மக்களுக்கே நிலைத்திருக்கும்.