இரட்டைக் குழல் பசை: கையுறை மட்டும் போதாது

பாசிர் கூடாங், செனாய் என ஜொகூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வெல்டிங் இல்லாமல் இணைக்கும் அக்ரிலிக் பசை இரண்டு குழல்களில் வரும். ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுகவைக்கும் பொருள். இரண்டும் கலந்த சில நிமிடங்களில் சூடேறிக் கெட்டியாகத் தொடங்கும்.

இத்தகைய பசைகள் பலவற்றில் உள்ள மெத்தில் மெத்தாகிரிலேட் எளிதில் தீப்பற்றும். மெல்லிய ரப்பர் கையுறையையும் ஊடுருவும். தோலில் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலே போதும், மீண்டும் அரிக்கும்.

2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அபாயகர இரசாயனங்களுக்கான பாதுகாப்புத் தரவுத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதன் 4ஆம் பகுதியில் முதலுதவியும், 8ஆம் பகுதியில் ஏற்ற கையுறையும் இருக்கும். மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.