இரண்டாவது பிறந்தநாளுக்கு முன் சாப்பிட்ட சீனி

சாயங்கால வேளையில் ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியா பக்கம் ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தே தாரிக் ஆற்றுபவர் முதலில் டின் பாலை ஊற்றுவார். அது கோப்பையின் அடியில் கெட்டியாக உட்காரும். அதன்மேல் சாயம் விழும். அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, எனக்கு குராங் மானிஸ்." அதற்கும் அடுத்த மேசையில் இன்னும் வயதான ஒருவர், "எனக்கு தே ஓ கோசோங்" என்பார். இனிப்பைக் குறைத்துக் கேட்பவர்களில் பலர் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்கத் தொடங்கியவர்கள்.

நம் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. அப்படியும் ஆறு பேரில் ஒருவர்.

ஐம்பது வயதில் "கோசோங்" கேட்கும் அந்தப் பெரியவருக்கு நோய் எப்போது தொடங்கியது? நாற்பதில் தொப்பை விழுந்தபோதா? இருபதில் தினமும் குளிர்பானம் குடித்தபோதா? 2024 அக்டோபரில் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இன்னும் பின்னால் போகிறது. தாயின் வயிற்றில் இருந்த நாள்களுக்கும், இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறது. கருவில் சுமார் 270 நாள், பிறந்தபின் 730 நாள். கூட்டினால் 1,000. மருத்துவர்கள் இதை 'முதல் ஆயிரம் நாள்' என்பார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சீனி கொடு, மீதிப் பேருக்குக் கொடுக்காதே, ஐம்பது வருடம் காத்திரு என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. அது தர்மமும் இல்லை. ஆராய்ச்சியாளருக்கு அவ்வளவு ஆயுளும் இல்லை. அதனால் தடேயா கிராக்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் என்ற மூவர் வேறு வழியைப் பிடித்தார்கள். யாரும் சோதனை என்று நினைக்காமலேயே வரலாறு நடத்தி வைத்திருந்த ஒரு சோதனையைத் தேடி எடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. பங்கீட்டு அட்டையைக் காட்டினால்தான் சீனி கிடைக்கும். ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் 225 கிராம். நாளொன்றுக்கு எட்டு தேக்கரண்டி. போர் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1953 செப்டம்பரில்தான் சீனி மீதான கட்டுப்பாடு நீங்கியது. மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். சராசரியாக ஒருவர் சாப்பிட்ட சீனி நாளுக்கு 41 கிராமிலிருந்து சுமார் 80 கிராமாக, கிட்டத்தட்ட இரட்டிப்பாக உயர்ந்தது.

இப்போது இரண்டு குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர், ஒரே தெரு. ஒன்று 1951 கடைசியில் பிறந்தது; அதன் ஆயிரம் நாளில் பெரும்பகுதி பங்கீட்டுக் காலத்தில் கழிந்துவிட்டது. இன்னொன்று 1955இல் பிறந்தது; அது கருவான நாள் முதலே வீட்டில் தாராளமாகச் சீனி. பிறகு இரண்டும் ஒரே பிரிட்டனில்தான் வளர்ந்தன, ஒரே கடைகளில்தான் மிட்டாய் வாங்கின. இரண்டையும் பிரிப்பது தொடக்கம் மட்டுமே.

இப்படிப்பட்டவர்களைத் தேட வீடு வீடாகப் போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 'யுகே பயோபேங்க்' என்ற தரவுக் களஞ்சியத்தில் ஐந்து லட்சம் பேரின் உடல்நல விவரங்கள் சேமிக்கப்பட்டுள்ளன. அதிலிருந்து 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த 60,183 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆயிரம் நாளில் சீனி குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, இரண்டாம் வகை இனிப்புநீர் வரும் அபாயம் சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தது. உயர் இரத்த அழுத்தத்தின் அபாயம் சுமார் 20 விழுக்காடு குறைவு. நோய் வந்தவர்களுக்கும் தாமதமாகவே வந்தது: இனிப்புநீர் சுமார் நான்கு வருடம், இரத்த அழுத்தம் சுமார் இரண்டு வருடம்.

'35 விழுக்காடு குறைவு' என்றால் நூறு பேரில் முப்பத்தைந்து பேர் தப்பினார்கள் என்று பொருளல்ல. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பலர் தவறு செய்வார்கள். நூறு பேரில் 20 பேருக்கு நோய் வரும் நிலை இருந்ததாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த 20இல் 35 விழுக்காடு என்பது 7. ஆக, 13 பேருக்கு வரும்.

இந்த நன்மையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, குழந்தை கருவில் இருந்த காலத்துக்கு மட்டுமே உரியது. அதாவது அம்மா சாப்பிட்டதும் கணக்கில் வருகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தையின் கணையம் அதற்கேற்ப இன்சுலின் சுரக்கப் பழகும். மீதிப் பங்கு பிறந்த பிறகு சேர்ந்தது. குறிப்பாக ஆறு மாதத்துக்குப் பின், குழந்தை திட உணவு சாப்பிடத் தொடங்கும் வயதில், வித்தியாசம் பெரிதானது. அந்த வயதில் நாக்கு எதை ருசி என்று பழகுகிறதோ அதையே பிறகும் கேட்கும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்.

நல்ல அறிவியல் மாணவர் இந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும். "பங்கீடு முடிந்தபோது சீனி மட்டுமா கூடியது? வெண்ணெய், இறைச்சி எல்லாம் கூடியிருக்குமே?" சரியான கேள்வி. ஆய்வாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். மற்ற உணவுகளின் கட்டுப்பாடுகள் வேறு வேறு தேதிகளில் நீங்கின. சீனியைப் போல எதுவும் திடீரென இரட்டிப்பாகவில்லை. ஆனாலும் ஓட்டைகள் இருக்கின்றன. அந்த 60,183 பேரில் யார் எத்தனை கரண்டி சாப்பிட்டார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பயோபேங்கில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். பொதுவாகச் சற்று ஆரோக்கியமானவர்கள். பெரும்பாலோர் வெள்ளையர். நம் உடல் அப்படியே அவர்கள் உடல் போல நடந்துகொள்ளுமா?

நம் தொடக்கமே சற்று வேறு மாதிரி என்பதற்கு இந்தியாவில் ஒரு சான்று உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. புனே குழந்தைகள் ஒல்லி, தசை குறைவு. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிந்த குழந்தை, உள்ளே கொழுப்புள்ள குழந்தை. தசைதான் இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துச் செலவழிக்கும் பெரிய இயந்திரம். அந்த இயந்திரம் சிறியதாக இருக்கும் உடலுக்குள் சீனியைக் கொட்டினால் என்ன ஆகும்?

டின் பாலுக்கு இங்கே ஒரு பழைய கதை உண்டு. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1936இல் மலாயாவுக்கு வேலைக்கு வந்தார். அப்போது இனிப்பு சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். தாய்ப்பாலை விட்டு டின் பாலுக்கு மாறிய குழந்தைகள் சத்துக் குறைந்து, நோய்த்தொற்றுக்கு ஆளாகி இறப்பதை அவர் நேரில் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேச அழைத்தபோது, தம் உரைக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார். அழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

அவருடைய கவலை இனிப்புநீர் அல்ல. அன்று குழந்தைகள் உயிர் பிழைப்பதே பெரும்பாடு. ஆனால் அந்த உரையை 1986இல் மீண்டும் அச்சிட்டு வெளியிட்டது நம் பினாங்குதான். உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு அப்போது இங்கே வட்டார அலுவலகம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகம் முழுவதும் நடக்கும் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைக்கும் 'வாபா' அமைப்பும் 1991 முதல் பினாங்கைத் தளமாகக் கொண்டதே.

டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. தேநீரில் ஊற்றினால் பெரியவர் அவர் பொறுப்பில் குடிக்கட்டும். ஆனால் அழும் குழந்தையின் சூப்பானில் அதைத் தடவிக் கொடுப்பதும், இரண்டு வயதுக்கு முன்னே பண்டோங் தண்ணீர் ஊட்டுவதும் வேறு விஷயம். அந்த வயதுக் குழந்தைகளுக்கு இனிப்புப் பானமே வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இனிப்புநீர் என்றால் வெறும் 'சீனி கூடுதல்' என்று நினைத்துக்கொள்பவர்கள் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தை நினைத்துப் பார்க்கலாம். வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை, வழியெல்லாம் தேங்காய் ஓட்டுச் சில்லுகள், ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள். பல வருடம் சீனி கட்டுப்படாமல் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். சுட்டாலும் தெரியாது, சில்லு குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் இரத்தம் கண்ணில் படும். இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் அந்தச் சிறு காயம் ஆறாமல் புண்ணாகி, சிலருக்கு விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகிறது. தாத்தாவோ பாட்டியோ காவடியோடு நடந்தால், அன்றிரவு அவர்கள் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் கண் அவர்கள் நரம்பைவிடக் கூர்மையானது.

"என் ஆயிரம் நாள் எப்போதோ முடிந்துவிட்டதே, இனி என்ன செய்ய?" என்று படிவம் 4 மாணவர் கேட்கலாம். அதற்குப் பதில் சென்னையில் கிடைக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் இனிப்புநீரின் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்துக் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் நடந்தவர்களில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை சாப்பிட்ட குழுவும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதல் பலன் இல்லை. இவர்கள் நடுத்தர வயதினர். ஆயிரம் நாள் முடிந்து எத்தனையோ வருடம் ஆனவர்கள்.

உங்கள் பங்குக்கு ஒரு சின்னக் கணக்கு. அடுத்த முறை குளிர்பானம் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று இருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம், எட்டு தேக்கரண்டி. பங்கீட்டுக் கால பிரிட்டனில் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் கிடைத்த அளவு அது. ஓய்வு வேளையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மலேசியாவும் தெரியாமலேயே சில தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறது. 2013 அக்டோபரில் சீனிக்கான அரசு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி; 2024இல் அது 50 சென், 2025இல் 90 சென். பிரிட்டனின் பங்கீட்டோடு ஒப்பிட்டால் இவை மெல்லிய மாற்றங்கள். தரவில் தடம் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் இந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது இரத்தப் பரிசோதனை முடிவுகளை அடுக்கி வைத்து ஒப்பிட ஒருவர் வேண்டும். அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கும் வயதில் இப்போது எங்கோ ஒரு வகுப்பறையில் இருக்கலாம்.