எண்பது வயதில் இருபது பல்

ஜப்பானிய சுகாதார அமைச்சகமும் அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கமும் 1989இல் தொடங்கிய '8020' இயக்கத்தின் நோக்கம், எண்பது வயதிலும் சொந்தப் பற்களில் இருபதையாவது காப்பாற்றிக்கொள்வது. அத்தனை பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவுகளைத் தடையின்றி மென்று தின்னலாம் என்பதே அந்த எண்ணுக்கு அடிப்படை. அன்று எண்பது வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பற்கள் இல்லாதிருந்த நிலை மாறி, 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிப்பேருக்குச் சற்று மேலானோர் அந்த இலக்கை எட்டியிருந்தனர்.

ஆயினும், பற்களை எண்ணிவிட்டால் மெல்லும் திறனை அளந்ததாகிவிடாது. உணவைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே தள்ளும் நாக்கு, அது வெளியே வழுகிவிடாமல் அணைகட்டும் கன்னம், துகள்களை ஒரு கவளமாகத் திரட்டும் உமிழ்நீர் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்தாலும், பல்வரிசை முழுதாக இருப்பவர்கூடச் சோற்றை நெடுநேரம் வாயிலேயே உருட்டிக்கொண்டிருப்பார். இத்தளர்ச்சியை 'வாய்ச் செயல்திறன் குறைவு' என்னும் தனி நோயாக வரையறுத்த ஜப்பான், 2018இல் அதன் சிகிச்சையைப் பொது மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. பரிசோதனைகள் எளியவை. குளுக்கோஸ் கலந்த ஜெல்லி மிட்டாயை இருபது வினாடி மென்றபின், சிறிது நீரால் வாயை அலசித் துப்பச் செய்து, அந்நீரில் கரைந்துள்ள சர்க்கரையை அளக்கிறார்கள். நன்றாக அரைபட்டிருந்தால் சர்க்கரை மிகுதியாக இறங்கியிருக்கும். 'ப', 'த', 'க' என்னும் ஒலிகளை ஒவ்வொன்றாக விரைந்து சொல்லச் செய்து, வினாடிக்கு ஆறுமுறைக்குக் குறைந்தால் முறையே உதடு, நுனிநாக்கு, அடிநாக்கு ஆகியவற்றின் தளர்ச்சி என்று கொள்கிறார்கள். மொத்தம் ஏழு சோதனைகளில் மூன்றில் பின்தங்கினால் சிகிச்சை தேவை.

பல் செட் இழப்பை ஓரளவே ஈடுசெய்யும்; முழு செட்டின் கடிவிசை இயற்கைப் பற்களின் விசையில் ஒரு சிறு பங்குதான். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் மாத்திரைகள் சில உமிழ்நீரை வற்றச் செய்வதும் உண்டு. மெல்ல இயலாதவர் காய்கறி, பயறு, இறைச்சி ஆகியவற்றை ஒதுக்கிக் குழைந்த சோற்றுக்கும் ரொட்டிக்கும் திரும்புவதால் புரதமும் நார்ச்சத்தும் குறைய, உடல் தசையோடு மெல்லும் தசையும் மெலிகிறது. வயதானால் கஞ்சிதான் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவது, அன்பினால் செய்வதாயினும், இந்தச் சுழலை விரைவுபடுத்தவே செய்கிறது.

வாய் தளர்ந்தவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: விழுங்கும்போது புரையேறி, வாயிலுள்ள கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுகள் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் வாயைத் துலக்கிவிட்ட முதியோரிடையே நிமோனியா குறைந்திருந்தது. ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கும் அந்தத் துலக்கல் பயன்பட்டது.