மடக்குக்கத்தியின் கீல் தேய்மானம்: மடக்கெழுத்தாணி ஆய்வுக்கு ஒரு சான்றுமுறை

ஆய்வுச் சுருக்கம்

மடக்குக்கத்தியின் வாய் வெட்டுவதால் தேய்கிறது. அதன் கீல் திறந்து மூடுவதால் தேய்கிறது. இவ்விரு தேய்மானங்களும் வெவ்வேறு செயல்களால் வெவ்வேறு இடங்களில் நிகழ்கின்றன. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு கருவி எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். கீல் தேய்மானத்தின் இயல்பை விளக்கி, அவ்விளக்கத்தை ஓலையில் எழுதப் பயன்பட்ட மடக்கெழுத்தாணிகளை ஆவணப்படுத்துவதற்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மடக்குக்கத்தி, மடக்கெழுத்தாணி, கீல், தறையாணி, தேய்மானம், பயன்பாட்டுத் தடயம், உத்திரமேரூர்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப்பெருமாள் கோயில் கல்வெட்டுகள் தமிழக வரலாற்றில் தனியிடம் பெற்றவை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. தகுதிகளையும் தகுதியின்மைகளையும் இத்துணை நுணுக்கமாகக் கூறும் அக்கல்வெட்டுகளைப் பற்றி ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயினும் ஓலையை நறுக்கிய கத்தியும் எழுதிய ஆணியும் ஆய்வாளர் கவனத்தை அவ்வளவாக ஈர்க்கவில்லை. கல் நின்றது, ஓலையும் இரும்பும் அழிந்தன.

பிற்காலத்து எழுத்தாணிகளின் நிலை வேறு. அவை சுவடிகளோடு நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பழங்குடும்பங்களின் பெட்டிகளிலும் இன்றும் உள்ளன. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் குறிப்பிடுகிறார். இவற்றுள் மடக்கெழுத்தாணி பிடிக்குள் மடங்குவது. ஓலையை வாரவும் நறுக்கவும் உதவும் கத்தி அதே பிடியில் சேர்ந்தமைந்த வகையும் உண்டு. அமைப்பால் அது மடக்குக்கத்தியின் இனத்தைச் சேர்ந்தது. எனவே, உழவர் மடியிலும் சட்டைப்பையிலும் இன்றும் வாழும் மடக்குக்கத்தியை உற்றுநோக்கினால், பேழைக்குள் உறங்கும் மடக்கெழுத்தாணியைப் படிக்கும் வழி புலப்படும்.

இவ்வுறவு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பேனாக்கத்தி என்று நாம் வழங்கும் சொல்லே எழுத்துத் தொழிலோடு தொடர்புடையது. ஐரோப்பாவில் பறவையின் இறகை எழுதுகோலாகச் சீவுவதற்கு வைத்திருந்த சிறுகத்தியே அப்பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் உலோக முனைகள் பெருகி இறகு மறைந்த பின்னரும் கத்தியின் பெயர் மறையவில்லை.

கீலின் அமைப்பு

மடக்குக்கத்தியில் அலகு, பிடி, இரண்டையும் இணைக்கும் தறையாணி என்பன இன்றியமையா உறுப்புகள். அலகின் அடிப்பகுதியில் ஒரு துளை உண்டு. பிடியின் இரு பக்கத் தகடுகளுக்கு நடுவே அலகை வைத்து, துளையில் ஆணியைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் அடித்துப் பரப்பிவிடுவர். அவ்வாறு இறுக்கப்பட்ட ஆணியே தறையாணி. அலகு அதனை அச்சாகக் கொண்டு ஏறத்தாழ அரைவட்டம் சுழல்கிறது.

அலகை நிலைநிறுத்தும் முறையால் கத்திகள் இருவகைப்படும். ஒருவகையில் தறையாணியின் இறுக்கமே அலகைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றொருவகையில் பிடியின் முதுகுப்புறத்தில் வளைந்துகொடுக்கும் எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டு, அலகின் அடியை இடைவிடாது அழுத்துகிறது. இதனை இக்கட்டுரை வில்தகடு எனக் குறிக்கிறது. திறக்கும்போதும் மூடும்போதும் கேட்கும் ‘டக்’ என்னும் ஓசை வில்தகட்டால் எழுவது.

தேய்மானத்தின் கணக்கு

உலோகப் பரப்புகளின் தேய்மானத்துக்கு ஆர்ச்சர்டு 1953இல் வெளியிட்ட விதி எளிமையானது. தேய்ந்து போகும் பொருளின் பருமன், அழுத்தும் விசைக்கும் சறுக்கும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், மெதுவான பரப்பின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இவ்விதியில் சறுக்கும் தொலைவு என்பதே நம் ஆய்வுக்கு முதன்மையானது.

4 மி.மீ. விட்டமுள்ள தறையாணியைக் கொள்வோம். அலகு ஒருமுறை திறக்கும்போது துளையின் உட்பரப்பு ஆணியின்மேல் ஏறத்தாழ 6.3 மி.மீ. சறுக்குகிறது, திறந்து மூடினால் 12.6 மி.மீ. வேலைக்காக மட்டும் நாளொன்றுக்குப் பத்துமுறை திறந்து மூடுபவரின் கத்தி ஓராண்டில் சுமார் 46 மீட்டர் சறுக்குகிறது. பேச்சினிடையே கைப்பழக்கமாகத் திறந்து மூடி, நாளொன்றுக்கு இருநூறுமுறையை எட்டுபவரின் கத்தியோ ஓராண்டில் சுமார் 920 மீட்டர் சறுக்குகிறது. அழுத்தமும் பிற சூழலும் ஒத்திருப்பின், முன்னவர் கத்தி இருபது ஆண்டுகளில் அடையும் கீல் தேய்மானத்தைப் பின்னவர் கத்தி ஓராண்டிலேயே அடைந்துவிடும். அதே ஓராண்டில் அதன் வாய் சாணையையே காணாமல் இருக்கவும் கூடும்.

இதற்கு மறுதலையும் உண்மை. கயிறு அறுக்கும்போதும் கிளை சீவும்போதும் கீலின்மேல் பெரும் விசை விழுகிறது. ஆனால் அலகு சுழல்வதில்லை. சறுக்கல் இல்லாத இடத்தில் அழுத்தம் நசுக்கலாம், தளர்த்தலாம்; அரைத்துத் தேய்ப்பதில்லை. ஆகவே வெட்டும் வேலையின் பதிவு வாயிலும், திறந்து மூடும் பழக்கத்தின் பதிவு கீலிலும் தனித்தனியே அமைகின்றன.

தடயங்கள் அமையும் இடங்கள்

முதலாவது, தறையாணியும் துளையும். வில்தகடு உள்ள கத்தியில் அத்தகடு அலகின் அடியை எப்போதும் ஒரே திசையில் தள்ளுகிறது. ஆணி பிடியோடு நிலையாக நிற்பதால் அதன் தேய்மானம் வில்தகட்டை நோக்கிய பக்கத்தில் குவிகிறது. அலகோ சுழல்வதால் துளையின் தேய்மானம் அரைவட்டப் பரப்பில் பரவுகிறது. பித்தளை ஆணியும் எஃகு அலகும் சேர்ந்த கத்தியில் பொதுவாக ஆணி முந்தித் தேயும்.

இரண்டாவது, பக்கப் பரப்புகள். அலகின் அடி பிடித்தகடுகளோடு உரசும் இடத்தில், தறையாணியை மையமாகக் கொண்ட வட்டவில் வடிவக் கீறல்கள் தோன்றும். வேறு எச்செயலும் இவ்வடிவக் கீறல்களை எளிதில் உண்டாக்காது. பரப்பு தேயத் தேய இடைவெளி கூடி, அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். சிறு இடைவெளியும் நுனியில் பெருகித் தெரியும். அடியின் அகலம் 10 மி.மீ., அலகின் நீளம் 80 மி.மீ. எனில், கீலில் உள்ள 0.05 மி.மீ. தளர்ச்சி நுனியில் சுமார் 0.4 மி.மீ. ஆட்டமாக வெளிப்படும்.

மூன்றாவது, அலகின் அடிமுனைகளும் வில்தகடும். அடியின் மூலைகள் வில்தகட்டைத் தூக்கிக் கடக்கும்போது இரண்டும் உரசுகின்றன. நாளடைவில் மூலைகள் உருண்டு, ‘டக்’ ஓசை மழுங்குகிறது.

நான்காவது, வாயில் விழும் ஒற்றைத் தழும்பு. மூடிய நிலையில் வாய் வில்தகட்டின்மேல் மோதாதிருக்க அலகின் அடியில் சிறு முட்டுப்பகுதி விடப்பட்டிருக்கும். கத்தியை விசையோடு மூடும் பழக்கத்தால் அம்முட்டு தேய்ந்தால், வாயின் ஓரிடம் வில்தகட்டில் தட்டி மழுங்கும். வெட்டுவதால் வரும் மழுக்கம் வாய் நெடுகப் பரவியிருக்கும். இதுவோ மூடும்தோறும் ஒரே புள்ளியில் விழும். வாயில் காணப்பட்டாலும் இது மூடுதலின் தடயமே.

மண்ணும் துருவும்

மேற்கண்ட கணக்கு தூய கீலுக்கு உரியது. வயலில் பயன்படும் கத்தியின் கீல் தூயதாக இருப்பதில்லை. மணலின் முதன்மைக் கூறான குவார்ட்சு மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 7ஆம் இடத்தில் உள்ளது. கத்தி எஃகு பொதுவாக அதற்குக் கீழேயே நிற்கும். மணல்துகள் பித்தளை போன்ற மெதுவான உலோகத்தில் பதிந்துவிட்டால், அம்மெதுவான உலோகமே உப்புத்தாள்போல் மாறித் தன்னினும் கடினமான எஃகை அரைக்கத் தொடங்கும். ஆணியினும் துளை மிகுதியாகத் தேய்ந்திருக்கும் கத்திகளுக்கு இது ஒரு காரணமாகலாம். மழைக்காலத்தில் கீலுக்குள் புகும் ஈரம் துருவை உண்டாக்குகிறது; உதிர்ந்த துருத்தூளும் அரைபொருளாகிறது.

எனவே கீல் தேய்மானத்தை நேரடியாகத் ‘திறந்த எண்ணிக்கை’ என்று மாற்றிக் கூற இயலாது. ஆழமான, சீரற்ற வட்டவில் கீறல்கள் மண்புகுந்த கீலைச் சுட்டும். பளபளப்பாக மெருகேறிய சீரான தேய்மானம் தூய நிலையில் நிகழ்ந்த நெடுநாள் சுழற்சியைச் சுட்டும். இவ்வேறுபாட்டைக் கைப்பூதக்கண்ணாடியாலேயே பெரும்பாலும் காணலாம்.

செப்பனிடுதலின் தடயம்

அலகு ஆடத் தொடங்கினால் கொல்லரிடம் கொடுத்துத் தறையாணியின் தலையை மீண்டும் அடித்து இறுக்குவது வழக்கம். இதனால் பிடித்தகடுகள் நெருங்கிப் பக்கவாட்டு ஆட்டம் நீங்கும். ஆனால் துளை விரிந்ததால் ஏற்பட்ட மேல்கீழ் ஆட்டம் நீங்காது. விரிந்த துளையை அடித்துச் சுருக்க இயலாது. அதற்குப் பருத்த புதிய ஆணி வேண்டும். பக்கவாட்டில் இறுக்கமாகவும் மேல்கீழாகத் தளர்ந்தும் உள்ள ஒரு கத்தியைக் கண்டால், அது முன்பே தேய்ந்து, ஒருமுறையேனும் செப்பனிடப்பட்டது எனக் கருத இடமுண்டு. ஆணித்தலையில் உள்ள சுத்தியல் தழும்புகள் அதனை உறுதிப்படுத்தும்.

மடக்கெழுத்தாணிக்குப் பொருத்துதல்

கருவிகளின் தேய்மானத்தைக் கொண்டு அவற்றின் பயன்பாட்டை அறியும் முறையை இரஷ்யத் தொல்லியலாளர் செமியோனவ் 1957இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். கற்கருவிகளுக்கும் எலும்புக் கருவிகளுக்கும் அவர் கையாண்ட அடிப்படையை மடக்கெழுத்தாணிக்கும் விரிக்கலாம்.

எழுத்தாணியின் நுனி எழுதுவதால் தேய்கிறது. பனையோலையில் இயற்கையாகவே நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருப்பதால், நெடுங்காலம் ஓலையைக் கீறும் இரும்பு நுனி மழுங்கும். கீலோ எழுதிய அளவைப் பொறுத்ததன்று. எத்தனைமுறை திறக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. நூல்களைப் படியெடுப்பவர் காலையில் ஒருமுறை திறந்து நெடுநேரம் எழுதியிருப்பார். ஊர்க்கணக்கர் நிலத்தருகிலும் களத்துமேட்டிலும் ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் திறந்து, ஓரிரு வரி எழுதி, மூடியிருப்பார். முன்னவர் கருவியில் நுனித் தேய்மானம் மிக்கும் கீல் தேய்மானம் குறைந்தும், பின்னவர் கருவியில் அவ்விகிதம் மாறியும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். எழுத்தாணிகள் பலவற்றிற்கு உடையவர் பெயரோ ஊரோ எஞ்சவில்லை. அவற்றைக் கையாண்டவரின் தொழிலைப் பற்றி ஒருசொல்லேனும் கூறவல்ல சான்று அக்கருவிகளின் உடலிலேயே உள்ளது.

அச்சான்று எளிதில் அழியக்கூடியது. ஆயுதபூசை நாளில் இரும்புக் கருவிகளைத் தேய்த்து விளக்கி எண்ணெயிடுவதும், ஆடும் கீலை நன்னோக்கோடு அடித்து இறுக்குவதும், துருவை உப்புத்தாளால் நீக்குவதும் கருவியைக் காக்கின்றன, தடயத்தை அழிக்கின்றன. ஆகவே துப்புரவுக்கு முன்னரே பின்வரும் குறிப்புகளைப் பதிவு செய்தல் வேண்டும்.

1. மூடிய, பாதி திறந்த, முழுதும் திறந்த நிலைகளில் ஒளிப்படங்கள். இறுகிய கீலை வலிந்து திறத்தல் கூடாது.
2. அலகின் அல்லது ஆணியின் பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் நுனியில் தனித்தனியே, மில்லிமீட்டரில்.
3. வட்டவில் கீறல்களின் இருப்பும் தன்மையும்.
4. தறையாணித் தலையில் மறு அடிப்பின் தழும்புகள், ஆணியின் உலோகம்.
5. எழுதுநுனியின் மழுக்கமும் கத்திவாயின் தேய்மானமும், மறுகூர் செய்யப்பட்ட அடையாளங்களும்.

இவற்றுள் ஐந்தாவது குறிப்பில் எச்சரிக்கை தேவை. நுனியைக் கல்லில் தீட்டிக் கூராக்கியிருந்தால் எழுதிய அளவின் தடயம் மறைந்திருக்கும். அப்போது எஞ்சிய நீளத்தையும் கூம்பின் வடிவையும் கொண்டே முடிவு காண வேண்டும். தனியொரு கருவியைக் காட்டிலும், ஒரே கைவினைமுறையில் அமைந்த பல கருவிகளின் ஒப்பீடே நம்பத்தக்க பயன் தரும்.

முடிவுரை

மடக்குக்கத்தியின் வாய் அது செய்த வேலையைக் கூறுகிறது. கீல் அதனை வைத்திருந்த கையின் பழக்கத்தைக் கூறுகிறது. கீல் தேய்மானம் சறுக்கும் தொலைவைப் பொறுத்தமைவதால், அடிக்கடி திறந்து மூடும் பழக்கம் வெட்டும் வேலையினின்று பிரித்தறியத்தக்க தடயத்தை விட்டுச் செல்கிறது. மண், துரு, செப்பனிடுதல் ஆகியவை அத்தடயத்தை மாற்றுகின்றன என்றாலும், அம்மாற்றங்களுக்கும் தனி அடையாளங்கள் உள்ளன.

ஓலையில் எழுதப்பட்டவற்றைத் தொகுப்பதில் தமிழாய்வு பெரும்பணி ஆற்றியுள்ளது. எழுதிய கருவியை நீளம், எடை, உலோகம் என்னும் மூன்று குறிப்புகளோடு நிறுத்திவிடாமல், அதன் கீலையும் விளக்கப்பட்டியலில் சேர்ப்பது அப்பணியின் தொடர்ச்சியே ஆகும். அதற்குப் பெரும் ஆய்வகம் வேண்டுவதில்லை; ஒரு பூதக்கண்ணாடியும் ஓர் அளவுகோலும், எண்ணெய்த் துணியைக் கையிலெடுக்கும் முன் சற்றுப் பொறுக்கும் மனமும் போதும்.