தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம்

2022 பிப்ரவரி 21 அன்று கிரெம்ளினில் கூடிய ரஷ்யப் பாதுகாப்பு கவுன்சிலின் கூட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கிழக்கு உக்ரைனின் தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக அங்கீகரிக்கலாமா என்பதே விவாதம். வெளிநாட்டு உளவுத் துறைத் தலைவர் செர்கெய் நரீஷ்கின் தடுமாறிப் பேச, தெளிவாகச் சொல்லும்படி அதட்டினார் அதிபர் புதின். பதற்றத்தில், அப்பகுதிகளை ரஷ்யாவோடு இணைப்பதை ஆதரிப்பதாக நரீஷ்கின் சொல்லிவிட, பேச்சு அதைப் பற்றியதல்ல என்று புதின் திருத்தினார். மூன்றே நாளில் படையெடுப்பு தொடங்கியது. கள நிலவரத்தை உள்ளபடி சொல்ல வேண்டியவரே தலைவரின் முகம் பார்த்துப் பேசினால், தப்புக்கணக்கைத் திருத்த யார் மிஞ்சுவார்கள்? எதேச்சாதிகாரம் உலக அமைதிக்கு ஆபத்தாக மாறுவது இங்கேதான்.

இதே ரஷ்யா 1994 இறுதியில் செச்னியாவுக்குள் படை அனுப்பியபோது நிலைமை வேறு. செச்னியத் தலைநகர் க்ரோஸ்னியின் இடிபாடுகளைத் தனியார் தொலைக்காட்சியான என்டிவி வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. படைவீரர்களின் தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடிப் போர்முனைக்கே போனார்கள். 1996 தேர்தலில் வாக்குக் கேட்க வேண்டியிருந்த அதிபர் யெல்த்ஸின் பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். களத்தில் வாங்கிய அடியும் சேர, அந்த ஆகஸ்டில் போரை நிறுத்தும் ஹசாவ்யுர்த் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு தடைகள் ஒவ்வொன்றாக அகன்றன. 2001இல் என்டிவி, அரசின் பிடியிலிருந்த காஸ்ப்ரோமின் கைக்குப் போனது. 2004இல் ஆளுநர்களுக்கான நேரடித் தேர்தல் ரத்தானது. 2021 டிசம்பரில் ‘மெமோரியல்’ மனித உரிமை அமைப்பைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 மார்ச் 4 முதல், ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை.

ஜனநாயக நாடுகள் போர் தொடுப்பதில்லையா என்று கேட்கலாம். தொடுக்கின்றன. 2003இல் இராக்கில் அமெரிக்கா தேடிப்போன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. ஆனால், அபு கிரைப் சிறைக் கொடுமையை 2004இல் வெளிக்கொண்டுவந்தவை அமெரிக்க ஊடகங்களே. 2006 தேர்தலில் ஆளுங்கட்சி நாடாளுமன்றத்தை இழந்ததும் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலகினார். படைகள் வெளியேற 2011 ஆனது. தாமதமான, அரைகுறைத் திருத்தம்தான். ரஷ்யாவில் அதற்கும் வழியில்லை. நேட்டோவின் விரிவாக்கமே உக்ரைன் போருக்குக் காரணம் என்பது இன்னொரு வாதம். அந்த மனக்குறையில் நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மனக்குறை எல்லா நாடுகளுக்கும் உண்டு; அது போராக வெடிக்குமா என்பது, எத்தனை பேரின் சம்மதம் தேவை என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு நாட்டில் செய்தி நிறுவனம் பறிக்கப்படுவதையும் நீதிமன்றம் தலையாட்டுவதையும் ‘உள்நாட்டு விவகாரம்’ என்று ஒதுக்குவது அண்டை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது.