மைலோ டின் அளவில் ஒரு சுருதி வட்டம்

கல்யாண மேடையில் பாட்டுக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கிடைக்கும். ஓரமாக நின்று நான்கு தடித்த கம்பிகளை மீட்டும் பையனை யாரும் பார்ப்பதில்லை. அவன் கையில் இருப்பது பேஸ் கித்தார். அவன் தடுமாறினால் பாட்டே ஆட்டங்காணும்.

நம் பிள்ளைகளில் பலர் கேள்வி ஞானத்தால் பழகியவர்கள். அது குறைவன்று. ஆனால் பண்டமாரானில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கட்டையில் ஒத்திகை பார்த்த பாட்டை, மேடையேறியதும் பாடகர், "தம்பி, அஞ்சு கட்டைக்குப் போயிடு" என்கிறார். அப்போது காது மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கைக் கண்ணுக்குக் காட்டும் கருவியை நீங்களே செய்யலாம்.

பழைய காலண்டர் அட்டை போதும். மைலோ டின்னைக் கவிழ்த்து ஒரு பெரிய வட்டம், பால் டின்னை வைத்து ஒரு சின்ன வட்டம் வரைந்து வெட்டுங்கள். இரண்டையும் நடுவில் குண்டூசியால் கோத்து, கடிகார முகம்போல் பன்னிரண்டாகப் பிரியுங்கள். பெரிய வட்டத்தில் 12 மணி இடத்தில் தொடங்கி, ஆர்மோனியக் கட்டைகளை வரிசையாக எழுதுங்கள்: 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7. சின்ன வட்டத்தில் 12 மணிக்கு 'ச'. பிறகு 2, 4, 5, 7, 9, 11 மணி இடங்களில் ரி, க, ம, ப, த, நி. இதுதான் சங்கராபரணம், மேற்கத்தியர் மேஜர் ஸ்கேல் என்பதும் இதையே.

இப்போது 'ச'வைத் திருப்பி 4-இன் நேரே வையுங்கள். 4, 5, 6, 6½, 1, 2, 3 என்று ஏழு சுரமும் வந்து நிற்கும். 5-இன் நேரே வைத்தால் 5, 6, 7, 1, 2, 3, 4½. பாடகர் கேட்டது கிடைத்துவிட்டது!

இதைக் கித்தாருக்குக் கொண்டு போவது சுலபம். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை, வெறும் கம்பிகளின் சுருதி 3, 6, 2, 5 கட்டை. வீணையில் மெட்டு என்பார்களே, அதுபோல் கித்தார்க் கழுத்தில் குறுக்கே பதித்த ஒவ்வொரு மெட்டுக்கும் வட்டத்தில் ஓர் இடம் நகரும். ஒரு நீளத் தாளில் நான்கு கோடுகள் வரைந்து, அந்தந்த மெட்டுக்குரிய கட்டையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தடித்த கம்பியின் முதல் மெட்டு 4, மூன்றாம் மெட்டு 5. 'ச' எங்கிருந்தாலும், அடுத்த கம்பியில் இரண்டு மெட்டு தள்ளி 'ப'. அதற்கும் அடுத்த கம்பியில், 'ப' இருக்கும் அதே மெட்டில் மேல் 'ச'. விரல்களின் வடிவம் மாறாது, இடம்தான் மாறும்.

மெட்டு பதித்த இந்த வாத்தியத்தை, 1951-இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வாத்தியம் புதிது; வட்டம் பழையது, அதுவும் நம்முடையது! சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரிட்டு நிறுத்துகிறாள். பன்னிரண்டு ராசி வட்டத்தில் சுரங்களை வைத்துப் பண்களைக் கண்ட முறைக்கு வட்டப்பாலை என்று பெயர். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்திலும், விபுலாநந்த அடிகள் 1947-இன் 'யாழ்நூ'லிலும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

உங்கள் அட்டையிலும் அந்த வித்தை நடக்கும். சங்கராபரணத்தின் 'ரி'யைச் 'ச'வாக எண்ணி, இடங்களை மாற்றாமல் ஒரு சுற்று படியுங்கள், கரகரப்பிரியா. 'க'விலிருந்து தோடி, 'ம'விலிருந்து கல்யாணி, 'ப'விலிருந்து அரிகாம்போதி, 'த'விலிருந்து நடபைரவி. 'நி'யில் மட்டும் பஞ்சமம் அமையாது. ஏன் என்று பிள்ளையையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அச்சிட்ட படங்கள் கடையில் கிடைக்கும்தான். ஆனாலும் கையால் வெட்டும்போது எண்ணுகிற எண்ணிக்கை, வாங்கிய படத்தில் வராது. மிச்ச அட்டையில் மோகனத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள்: ச, ரி, க, ப, த மட்டும், அதே இடங்களில். 'ரி'யிலிருந்து படித்தால் மத்தியமாவதி வரும், 'க'விலிருந்து இந்தோளம். மற்ற இரண்டையும் பிள்ளைகளே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.